திரமென்ஹீர்: ஒரு குடும்பப் பெயரும் நம் நிலமும்

செப்டம்பர் 30 வந்தால் நம் தோழர்களின் பதிவுகளில் ஒரு பெயர் சுற்ற ஆரம்பிக்கும். ஜேம்ஸ் ஹென்றி அப்பர்லி திரமென்ஹீர். செங்கல்பட்டுக் கலெக்டர், பஞ்சமி நிலத்துக்கு வழிசெய்த வெள்ளைக்காரர். படத்தோடு இரண்டு வரி போட்டு, ஒரு வணக்கம் வைத்து, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அவர் எழுதிய அறிக்கையில் என்ன இருந்தது, கேட்டதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை.

இந்தப் பெயரைத் தாங்கியவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் வாழ்க்கை வரலாற்று அகராதிகளைப் புரட்டினால் திரமென்ஹீர்கள் வரிசையாக வருகிறார்கள். அடிமைகள் உழைத்த ஒரு தீவை நிர்வகித்தவர் ஒருவர். சுரங்கத் தொழிலாளர்களின் நிலையை விசாரித்தவர் ஒருவர். பர்மாவில் வெள்ளீயம் தேடியவர் ஒருவர். ஏடன் துறைமுகத்தை ஆண்டவர் ஒருவர். இவர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நமக்கு நிலம் கேட்டு எழுதிய அந்த மனிதர் எங்கிருந்து வந்தார், அவருடைய அறிக்கை எதைச் செய்யக்கூடியது, எதைச் செய்ய முடியாதது என்பது விளங்கும். புனிதராக ஆக்கிவிட்டவரை யாரும் படிப்பதில்லை. திரமென்ஹீரைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயருக்குள் ஒரு கல்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதி கார்ன்வால். அங்கே ஒருகாலத்தில் ஆங்கிலம் பேசவில்லை. கார்னிஷ் என்ற தனி மொழி இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முடிவில் அது வழக்கொழிந்தது. மொழி போனாலும் ஊர்ப் பெயர்களிலும் குடும்பப் பெயர்களிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'டிரெ' என்றால் குடியிருப்பு. 'மென்ஹிர்' என்றால் நெடுங்கல், முன்னோர் நட்டு வைத்த உயரமான ஒற்றைக் கல். பென்சான்ஸ் நகரத்துக்கு அருகில் லட்வன் என்ற இடத்தில் திரமென்ஹீர் என்றொரு பழைய பண்ணை உண்டு. அந்த ஊர்ப் பெயரே குடும்பத்தின் பெயர் ஆனது. நம் வழக்கில் சொன்னால் 'நடுகல்பட்டியார்'.

தர்மபுரி, சேலம் பக்கத்துத் தோழர்களுக்கு நடுகல் புதிதல்ல. ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் நிற்கிற கற்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் பத்திரத்தில் ஏறி, பத்திரம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. அதனால்தான் 250 ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு திரமென்ஹீர் யார், யாரை மணந்தார், எந்தக் கப்பலில் வேலை செய்தார் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. நம் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேரால் முடியும்? பின்னால் இந்தக் கேள்விக்கு வருகிறேன்.

அடிமைத் தீவின் நிர்வாகி

முதலாமவர் வால்டர் திரமென்ஹீர் (1761–1855). கடற்படையைச் சேர்ந்த ராயல் மரைன்ஸ் படையின் அதிகாரி. 1800இல் கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவை டச்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டன் பிடித்தது. 1800 முதல் 1802 வரை அந்தத் தீவின் துணை ஆளுநராக இருந்தவர் இவர்.

குராசோ சாதாரணத் தீவு அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மனிதர்களை இறக்கி, எண்ணி, விற்ற சந்தைகளில் முக்கியமான ஒன்று. வால்டர் அங்கே போவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1795 ஆகஸ்டில், டூலா என்ற அடிமையின் தலைமையில் பெரும் கிளர்ச்சி நடந்தது. 'நாங்கள் வேலைக்குப் போகமாட்டோம்' என்று தொடங்கிய போராட்டம் அது. டூலாவைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தத் தீவில் அடிமை முறை ஒழிய 1863 ஆயிற்று. டூலாவுக்கு எந்தக் குடும்பப் பெயரும் பதிவாகவில்லை. இன்று குராசோ மக்கள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நினைவுகூர்வது டூலாவை. துணை ஆளுநர் அகராதியில் மட்டும் இருக்கிறார்.

வால்டர் மணந்தது ஃபிரான்சஸ் அப்பர்லி என்ற பெண்ணை. செங்கல்பட்டுக் கலெக்டரின் முழுப்பெயரில் நடுவில் நிற்கிற 'அப்பர்லி' இந்த வீட்டுப் பெயர்தான். குராசோவையும் செங்கல்பட்டையும் இணைக்கும் நூல் அந்த நடுப்பெயரில் இருக்கிறது.

சுரங்கமும் ரொட்டியும்

வால்டரின் மூத்த மகன் ஹியூ சீமோர் திரமென்ஹீர் (1804–1893). ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர். இங்கிலாந்தில் இந்தக் குடும்பப் பெயர் அதிகம் தெரிவது இவரால்தான்.

1839 நவம்பரில் தெற்கு வேல்ஸின் நியூபோர்ட் நகரில் சார்ட்டிஸ்ட் இயக்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். வாக்குரிமை கேட்ட இயக்கம் அது. துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். பிறகு அந்தச் சுரங்கப் பகுதியில் பள்ளிக்கூடங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வர அரசாங்கம் அனுப்பிய கல்வி ஆய்வாளர் இந்த ஹியூ. கல்வியின்மேல் வந்த அக்கறையைவிட, படிக்காத தொழிலாளி கலகம் செய்வான், கொஞ்சம் படிக்க வைத்தால் அடங்கி இருப்பான் என்ற கணக்கே அந்த அக்கறைக்குப் பின்னால் இருந்தது.

1842இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சுரங்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்துக்கு அடியில் வேலைக்கு இறக்கக் கூடாது என்றது சட்டம். அதைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டவர் ஹியூ. நாடு முழுவதும் உள்ள சுரங்கங்களுக்கு ஒரே ஓர் ஆய்வாளர்! அவரும் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாதுகாப்பைச் சோதிப்பது தன் வேலை அல்ல என்று எடுத்துக்கொண்டு, மேலே இருந்தே தொழிலாளர் குடும்பங்களின் நிலையை விசாரித்து எழுதினார். சுரங்கத்துக்குள் இறங்கிச் சோதிக்கும் ஆய்வாளர்கள் வர 1850வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் சுரங்க விபத்துகளில் செத்தவர்களின் கணக்கு ஏறி, தொழிலாளர் சங்கங்கள் விடாமல் நெருக்கிய பிறகு.

1862இல் லண்டன் ரொட்டித் தொழிலாளர்களின் குறைகளைப் பற்றி இவர் ஓர் அறிக்கை கொடுத்தார். நிலவறையில் இரவெல்லாம் மாவு பிசைந்து, அங்கேயே தூங்கி, இளம் வயதிலேயே நோயாளிகளாகிப் போன ஆட்களைப் பற்றியது. அவர்கள் செய்த ரொட்டியில் படிகாரமும் வியர்வையும் சிலந்திக்கூடும் செத்த வண்டும் கலந்திருப்பதாகத் தெரியவந்தபோதுதான் நகரத்துக் கனவான்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த ஆண்டே, 1863இல், ரொட்டிக் கூடங்களுக்குச் சட்டம் வந்தது. காரல் மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இந்த அறிக்கையை எடுத்து ஆளுகிறார். தொழிலாளி படுகிற பாட்டைவிடத் தன் தட்டில் விழுந்த வண்டுதான் மேட்டுக்குடியை அசைத்தது என்ற கிண்டலும் அங்கே இருக்கிறது.

1862 முதல் 1867 வரை குழந்தைத் தொழிலாளர் விசாரணைக் குழுவில் மூவரில் ஒருவராக இருந்தார் ஹியூ. கிழக்கு இங்கிலாந்தில் பெண்களையும் சிறுவர்களையும் கும்பல் கும்பலாக ஓட்டிக்கொண்டு போய், பண்ணை பண்ணையாக வேலை வாங்கிய மேஸ்திரி முறையும் அந்தக் குழுவின் விசாரணையில் வெளிப்பட்டது. 1867இல் அதற்கும் ஒரு சட்டம் வந்தது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிற நம் சனங்களை அறிந்தவர்களுக்கு அந்தக் 'கும்பல் முறை' அந்நியமாகத் தெரியாது.

ஹியூவின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. விசாரணை, அறிக்கை, சட்டம், அமலாக்கம் என்று நான்கு படிகள். முதல் மூன்றை மேலே இருப்பவர்கள் செய்துவிடுவார்கள். நான்காவது படி, கீழே இருப்பவர்கள் திரண்டு நெருக்கினால் ஒழிய நகராது. சுரங்கத்தில் நடந்தது அதுதான். நம் நிலத்தில் நடக்காமல் போனதும் அதுதான்.

வெள்ளீயமும் துறைமுகமும்

ஹியூவின் தம்பிகளில் இருவர் இந்தியப் படைகளில் பொறியாளர்கள். ஜார்ஜ் போர்லேஸ் திரமென்ஹீர் 1840களின் தொடக்கத்தில் பர்மாவின் தெனாசெரிம் கரையில் வெள்ளீயம் கிடைக்கும் இடங்களை ஆராய்ந்து எழுதினார். கார்ன்வாலே வெள்ளீயச் சுரங்கங்களின் நாடு. சொந்த ஊர் அனுபவம் வென்ற நாட்டில் உதவியது. சார்லஸ் வில்லியம் திரமென்ஹீர் பம்பாய்ப் பொறியாளர் படையில் உயர்ந்து, 1870 முதல் 1872 வரை ஏடனில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்தார்.

ஒரே வீட்டில் ஒருவர் தொழிலாளியின் துயரத்தை எழுதுகிறார், இன்னொருவர் வென்றெடுத்த மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார், மற்றொருவர் கப்பல் வழியைக் காக்கிறார். பேரரசுக்கு மூன்றும் தேவைப்பட்டன. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

செங்கல்பட்டு, 1891

இந்தப் பின்னணியில் வந்தவர்தான் நம்முடைய திரமென்ஹீர். செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராக இருந்தபோது, பறையர்களின் நிலை குறித்து அவர் எழுதிய அறிக்கை 1891 அக்டோபரில் அரசுக்குப் போனது.

செங்கல்பட்டின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால்தான் அறிக்கையின் கனம் தெரியும். அங்கே மிராசு முறை. ஊரின் சாகுபடி நிலம் மட்டும் அல்ல, தரிசும் மிராசுதாரர் பிடியில் இருந்தது. தரிசு நிலத்தை யாராவது அரசிடம் 'தர்காஸ்து' போட்டுக் கேட்டால், முதல் உரிமை ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவருக்குத்தான். ஒரு பறையர் மனுப் போட்டால் மிராசுதாரர் குறுக்கே விழுந்து 'எனக்கு வேண்டும்' என்பார். அவருக்கே போகும். அவர் உழமாட்டார், இவரையும் உழவிடமாட்டார். நிலம் இல்லாதவன்தான் பண்ணைக்கு ஆளாக வருவான் என்பது அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம்.

குடியிருக்கும் இடமும் சொந்தம் இல்லை. சேரி நின்ற மண்ணும் மிராசுதாரர் மண் என்று உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லலாம். கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காக மகனும் பேரனும் பண்ணையாளாகக் கிடந்தார்கள். 1843லேயே அடிமைச் சட்டம் வந்துவிட்டது, 1860இல் இந்திய தண்டனைச் சட்டம் அடிமை வாணிபத்தைக் குற்றம் என்றது. காகிதத்தில் அடிமை முறை கிடையாது. நடைமுறையில் கடன் பத்திரம் அந்த வேலையைச் செய்தது.

திரமென்ஹீர் இதையெல்லாம் எழுதினார். குடியிருப்பு மனை அவர்களுக்கே சொந்தமாக வேண்டும், தரிசு நிலம் ஒதுக்க வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார். வருவாய்த் துறையின் கணக்குப் புத்தகத்தில் வரி கட்டுபவன் மட்டுமே தெரிவான். உழைப்பவனை அந்தப் புத்தகத்துக்குள் கொண்டுவந்ததுதான் இந்த அறிக்கையின் முக்கியத்துவம்.

அறிக்கை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை பேச்சானது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை 1010 வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. மிராசுதாரர்களின் எதிர்ப்பை அஞ்சிய அரசு அடிப்படை உறவை மாற்றத் துணியவில்லை. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் கொள்கை அங்கே தொடங்கியது. பின்னாளில் வருவாய் நிலையாணை 15இல் நிபந்தனைகள் சேர்ந்தன. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்த விற்பனை செல்லாது, அரசு இழப்பீடு தராமல் மீட்டுக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்லி வருகின்றன.

அவருக்கு முன்னால் பேசியவர்கள்

ஒரு வெள்ளைக்காரர் மனம் இரங்கினார், நிலம் வந்தது என்று கதையை முடித்துவிடுவது வசதியாக இருக்கும். நடந்தது அப்படி அல்ல.

அறிக்கை போன அதே 1891இல், டிசம்பர் மாதம், அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டினார். பத்துக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி அனுப்பினார். அதே காலத்தில் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை உருவாக்கினார். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அவர் பிறந்ததும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். கிராமத்தில் மனுப் போட்டவர்கள், அடி வாங்கியவர்கள், கிறித்தவ மிஷனரிகளிடம் போய் உதவி கேட்டவர்கள் ஏராளம். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் அருகே ஈக்காட்டில் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இந்த நிலப் பிரச்சினையை எழுத்தில் கொண்டுவந்தார்கள். அவர்களைத் தேடிப்போய் அந்த வேலையைச் செய்ய வைத்தவர்கள் சேரி மக்கள்.

மிஷனரிக்குப் பெயர் இருக்கிறது. கலெக்டருக்குக் குடும்ப மரமே இருக்கிறது. மனுப் போட்டவருக்குப் பெயர் இல்லை. சமூகவியல் படிக்கிற மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆவணத்தில் பெயர் இருப்பது தற்செயல் அல்ல. அதிகாரம் இருந்த இடத்தில் பெயரும் இருக்கும்.

'பஞ்சமி' என்ற சொல்லும் நாம் வைத்துக்கொண்டது இல்லை. நான்கு வருணத்துக்கு வெளியே ஐந்தாவது என்று பொருள்படும் 'பஞ்சமர்' என்பதிலிருந்து வந்தது. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னைச் சட்டமன்றம் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்று தீர்மானித்தது. மனிதருக்கு விழுந்த பெயர் போயிற்று, நிலத்தின்மேல் விழுந்த பெயர் நின்றுவிட்டது.

நம் சமவெளியில்

சேலம், நாமக்கல் பக்கம் செங்கல்பட்டு மாதிரி அல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினி இந்தப் பகுதியைப் பெற்றது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் உழவனோடு நேரடியாகப் பேசி வரி போடுகிற ரயத்துவாரி முறையை இங்கேதான் செய்து பார்த்தார்கள். மிராசு இங்கே அந்த அளவுக்கு வேர் பிடிக்கவில்லை. அதனால் கொங்கில் பண்ணை அடிமை முறையே இல்லை என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்.

ரயத்து என்று யாரைக் கணக்கில் எடுத்தார்கள்? ஏரும் மாடும் வைத்திருந்தவரை. அவருடைய தோட்டத்தில் படியாளாகக் கிடந்த அருந்ததியரையும் பறையரையும் பட்டாவில் யாரும் எழுதவில்லை. கவலை இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தோல் இல்லாமல் இந்த மேட்டாங்காட்டில் ஒரு கிணறும் இறைத்திருக்காது. பம்பு செட் வந்ததும் அந்த வேலை போயிற்று. இறைத்த தண்ணீரில் விளைந்த தோட்டம் பட்டாதாரருக்கு இருந்தது, தைத்துக் கொடுத்தவருக்கு வளவில் ஒரு குடிசை இருந்தது.

இங்கேயும் நிபந்தனை நிலம் வழங்கப்பட்டது. பெரும்பாலும் கரட்டோரம், பாறைக்காடு, ஓடைப் புறம்போக்கை ஒட்டிய மேடு. கிணறு வெட்டப் பணம் இல்லை, மாடு இல்லை. நாலு ஆண்டு மழை பொய்த்தால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கடன். கடனுக்கு நிலத்தை 'ஓட்டிக்கொள்ள' விடுவார்கள். எழுத்து இருக்காது, அல்லது வெற்றுத்தாளில் கைநாட்டு இருக்கும். அப்புறம் நெடுஞ்சாலை வந்தது, கோழிப்பண்ணை வந்தது, கல்லூரி வந்தது, மனைப் பிரிவு வந்தது. யாருக்கும் வேண்டாத பாறைக்காடு சென்ட் கணக்கில் விலை போயிற்று.

1979இல் தொடங்கிய யுடிஆர் என்ற பதிவேடு மேம்பாட்டுப் பணியில் இந்தக் கைமாற்றத்துக்கு அரசு முத்திரை கிடைத்தது. யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் பெயருக்குப் பட்டா என்று பல ஊர்களில் எழுதிக்கொண்டு போனார்கள். நிபந்தனை என்ற குறிப்பு புதிய பதிவேட்டில் காணாமல் போயிற்று. பிறகு அந்தப் பதிவேடு கணினிக்கு ஏறியது. இன்று இணையத்தில் பட்டா எடுத்துப் பார்த்தால் சுத்தமான தனியார் நிலமாகத் தெரியும். நிலம் இழந்த குடும்பங்களோடு தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

இதைக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டு. 103 ஆண்டுகள் கழித்து, அறிக்கையில் எழுதியதைக் கேட்டதற்குத் துப்பாக்கி.

பெயரும் பதிவேடும்

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருவோம். கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஏன் நமக்குத் தெரியவில்லை?

இங்கிலீஷ்காரருக்குக் குடும்பப் பெயர் சொத்தின் நிழல். நமக்குப் பெயருக்குப் பின்னால் வந்தது குடும்பம் அல்ல, சாதி. பழைய பதிவேடுகளில் 'கருப்பன்' என்பதற்குப் பக்கத்தில் சாதியை எழுதி வைத்திருப்பார்கள். எந்தக் கருப்பன், யார் மகன், எந்த வளவு என்பது அதிகாரிக்குத் தேவைப்படவில்லை. மற்றவர்களுக்குச் சாதிப் பட்டம் கிரீடம், நமக்கு அது சூடு.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை என்பது பெரிய சாதனை, அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் பெயரில் இருந்து போன சாதி பட்டாவில் இருந்து போகவில்லை. நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொள்கிறோம். இரண்டு தலைமுறையில் பெயர்ச் சங்கிலி அறுந்துவிடுகிறது. நில வழக்கில் 'இவர்தான் அந்த ஒப்படைதாரரின் வாரிசு' என்று நிரூபிக்கப் போகும்போது இந்த அறுந்த சங்கிலி நம்மை அடிக்கிறது.

இதற்குத் தீர்வு சாதிப் பட்டத்தைத் திரும்ப ஒட்டிக்கொள்வது அல்ல. குடும்ப மரத்தை எழுதி வைப்பதுதான். ஊரில் மூத்த பாட்டிகள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். தாத்தாவுக்கு அப்பா யார், எத்தனை பேர் பிறந்தார்கள், யார் மலையகத்துக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ போனார்கள், எந்தக் காட்டில் முதலில் உழுதார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு நாளைக்கு வாரிசுச் சான்றுக்கு உதவும். நம்முடைய வரலாற்று அகராதியின் முதல் பக்கமும் அதுவே.

படிக்க வேண்டிய காகிதங்கள்

இந்த ஆண்டு செப்டம்பர் 30க்குப் பதிவு போடுவதற்கு முன், சொந்த ஊரில் ஒரே ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் பாருங்கள். அது போதாது, அது யுடிஆருக்குப் பிந்தையது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு, ஒப்படைப் பதிவேடு ஆகியவற்றின் நகலைத் தாலுகா அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகப் பதிவறையிலும் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் எழுதிக் கேளுங்கள். 'டி.சி.' என்றோ 'நிபந்தனை' என்றோ குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருக்கும், இரண்டையும் பொருத்தி வையுங்கள். வில்லங்கச் சான்று எடுத்து, எந்த ஆண்டில் முதல் கைமாற்றம் நடந்தது என்று குறியுங்கள்.

அதன் பிறகு சட்டம் பேசும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(f), 3(1)(g) ஆகியவை பட்டியல் சாதியினருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதையும் அவர்களை வெளியேற்றுவதையும் குற்றமாக்குகின்றன. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்ற வாதமும் நம் கையில் இருக்கிறது. ஆனால் காகிதம் இல்லாமல் போனால் இரண்டும் நிற்காது. தனியாக ஒரு குடும்பத்தை அனுப்பாதீர்கள். ஒரே பட்டியலில் வரும் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து போக வேண்டும். தோட்டத்தில் நாளைக்கே கூலி வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

திரமென்ஹீருக்கு நன்றி சொல்வதில் தவறில்லை. அவருடைய பதவியில் இருந்த மற்றவர்கள் பார்த்தும் பார்க்காமல் போனதை அவர் எழுதி வைத்தார். ஹியூ திரமென்ஹீரின் அறிக்கைகளை மார்க்ஸ் எடுத்துத் தொழிலாளியின் ஆயுதமாக்கியது போல, இந்த அறிக்கையையும் நாம்தான் ஆயுதமாக்க வேண்டும். அறிக்கை எழுதியவரின் குடும்ப மரம் ஆறு தலைமுறைக்குத் தெரிகிறது. அந்த நிலத்தை 1900களில் வாங்கி, கல் பொறுக்கி, முதல் கொல்லை விதைத்தவரின் பெயர் ஏதோ ஒரு பதிவறையில், கறையான் தின்றது போக மிச்சம் இருக்கிறது. அதைப் போய் எடுத்து வாருங்கள், தோழர்களே.